ஆறு ஆல்பங்கள், இரண்டு குரல்கள்

2024 அக்டோபரில் கிளீவ்லாந்தில் நடந்த விழாவில் 'எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்' குழுவை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இவர்களுடைய 'த லோ எண்ட் தியரி' அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஆக, ஹிப்-ஹாப் வரலாற்றில் இவர்களுக்கு என்ன இடம் என்ற வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. தீராத வழக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. 1990 முதல் 2016 வரை இவர்கள் வெளியிட்டவை ஆறே ஆல்பங்கள். இவற்றில் எது முதல், எது கடைசி?

இந்தக் கேள்வியை வெட்டிப் பேச்சு என்று தள்ளிவிடலாம். ஆனால் ஒரு குழுவின் ஆல்பங்களை ஒவ்வொரு தலைமுறையும் எந்த வரிசையில் அடுக்கியது என்று பார்த்தால், அந்தக் குழுவைவிட அந்தத் தலைமுறையைப் பற்றியே அதிகம் தெரிந்துகொள்ளலாம். 1990இல் 'த சோர்ஸ்' பத்திரிகை இவர்களுடைய முதல் ஆல்பத்துக்கு ஐந்து மைக் கொடுத்தது. அந்தப் பத்திரிகை தரக்கூடிய உச்ச மதிப்பு அது. அடுத்த வருடமே இரண்டாவது ஆல்பத்துக்கும் ஐந்து மைக். 1996இல் வந்த நான்காவது ஆல்பம் பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடத்தில் இறங்கியது, ஆனால் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். பத்து ஆண்டு கழித்து அதே ஆல்பத்தின் டிரம்ஸ் ஒலியைப் பாடமாகப் படிக்கத் தொடங்கினார்கள். கிராமியின் கதை இன்னும் வேடிக்கையானது. இவர்களுடைய முதல் மூன்று ஆல்பங்கள் வந்த காலத்தில் சிறந்த ராப் ஆல்பத்துக்கு என்று தனி விருதே கிடையாது. விருது வந்தபிறகு நான்காவதும் ஐந்தாவதும் பரிந்துரைக்கப்பட்டன. இன்றைக்கு யாருடைய பட்டியலை எடுத்தாலும் பெரும்பாலும் அடியில் கிடப்பவை அந்த இரண்டும்தான்.

அதனால் விற்பனையும் விருதும் நமக்கு உதவாது. பாடல்களை எண்ணிப் பார்ப்பதும் உதவாது. இவர்களுடைய மோசமான ஆல்பத்தில்கூட இரண்டு மூன்று அருமையான பாடல்கள் இருக்கின்றன. நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் வேறு. இந்தக் குழுவின் நடுவில் இரண்டு குரல்கள் இருந்தன. அந்த இரண்டும் எந்த அளவுக்கு ஒன்றையொன்று கேட்டுக்கொண்டனவோ, அந்த அளவுக்கு அந்த ஆல்பம் உயர்ந்தது. கேட்பது நின்றபோது ஆல்பமும் இறங்கியது. கீழே வரும் வரிசை முழுக்க இந்த ஒரே எண்ணத்தில் நிற்கிறது.

லிண்டன் பூலிவார்டிலிருந்து

அந்த இரண்டு குரல்களுக்கும் சொந்தக்காரர்களான கியூ-டிப்பும் ஃபைஃப் டாக்கும் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் செயின்ட் ஆல்பன்ஸில், லிண்டன் பூலிவார்டு பக்கம் வளர்ந்தவர்கள். சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். ஃபைஃபின் இயற்பெயர் மாலிக் டெய்லர். குடும்பம் டிரினிடாடிலிருந்து வந்தது. அம்மா ஷெரில் பாய்ஸ்-டெய்லர் பெயர் பெற்ற கவிஞர். ஃபைஃபின் குரலில் அவ்வப்போது எட்டிப்பார்க்கும் கரீபியன் வாடை அந்த வீட்டிலிருந்து வந்தது. கியூ-டிப்பின் அப்பா ஜாஸ் பிரியர். மன்ஹாட்டனில் மர்ரி பெர்க்ட்ராம் உயர்நிலைப் பள்ளியில் கியூ-டிப்புக்குக் கிடைத்த நண்பர்தான் டிஜே அலி ஷாஹீத் முகம்மது. அதே பள்ளியில் படித்த ஜங்கிள் பிரதர்ஸ் குழுவினர்தான் இவர்களுக்குப் பெயரும் வைத்தார்கள். நான்காமவர் ஜரோபி வைட். முதல் ஆல்பத்துக்குப் பிறகு அவர் சமையற்கலை படிக்கப் போய்விட்டார். பல ஆண்டுகள் கழித்துத்தான் ஆல்பத்துக்குத் திரும்பினார்.

ஜங்கிள் பிரதர்ஸ், டி லா சோல், குவீன் லத்தீஃபா, மோனி லவ் எனக் கூடிய நேட்டிவ் டங்ஸ் கூட்டணியில் இவர்கள் இளையவர்கள். அந்தக் காலத்து ராப்பில் பப்ளிக் எனிமியின் அரசியல் முழக்கம் ஒரு பக்கம், லாஸ் ஏஞ்சலஸ் என்.டபிள்யூ.ஏ.வின் தெருச் சீற்றம் இன்னொரு பக்கம். இந்த இளைஞர்கள் பகடியும் ஜாஸும் ஆப்பிரிக்க வண்ணச் சட்டைகளுமாக வந்தார்கள். 'மாற்று ஹிப்-ஹாப்' என்ற முத்திரை அப்போது விழுந்தது. அது முழு உண்மை இல்லை. என்.டபிள்யூ.ஏ.வின் ஆல்பத்தைக் கேட்டுத்தான் தன் இரண்டாவது ஆல்பத்தின் கனத்த அடி ஒலியை யோசித்ததாகக் கியூ-டிப்பே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பத்திரிகைகள் போட்ட வேலியை இசைக்காரர்கள் மதித்ததே இல்லை.

6. த லவ் மூவ்மெண்ட் (1998)

குழு கலைகிறது என்ற செய்தி முதலில் வந்தது. ஆல்பம் அதன் பின்னால் வந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் கியூ-டிப்பின் வீட்டு ஸ்டுடியோவில் தீ பிடித்து, அவர் சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளும் வெளிவராத பதிவுகளும் சாம்பலாகின. பழைய தட்டுகளிலிருந்து ஒலி எடுத்துப் புதிய பாட்டைக் கட்டுகிற ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆல்பம் மோசமில்லை. 'ஃபைண்ட் எ வே' இன்றைக்கும் இதமாக ஒலிக்கிறது. பெபெல் ஜில்பெர்டோ குரல் கொடுத்த டோவா டெய்யின் பாடல் ஒன்றிலிருந்து எடுத்த இழை அதில் மிதக்கிறது. குறை எங்கே என்றால், அன்பைப் பற்றிய இந்த ஆல்பத்தில் இரண்டு நண்பர்கள் ஒரே அறையில் இருப்பதாகவே தோன்றுவதில்லை. கியூ-டிப் தன் பங்கை முடிக்கிறார், ஃபைஃப் தன் பங்கை முடிக்கிறார். ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்வதில்லை. வரிகள் அடுத்தடுத்து வருகின்றன, ஒன்றோடொன்று பேசுவதில்லை.

1998 செப்டம்பர் 29 அன்று இது கடைக்கு வந்தது. அதே நாளில் அவுட்காஸ்டின் 'அக்வெமினை', மோஸ் டெஃபும் தாலிப் குவெலியும் சேர்ந்த 'பிளாக் ஸ்டார்', ஜே-ஸியின் 'ஹார்ட் நாக் லைஃப்' ஆகியவையும் வந்தன. முதல் இரண்டும் ட்ரைப் போட்ட பாதையில் நடந்து வந்தவர்களின் ஆல்பங்கள். அவற்றை உருவாக்கிய இரட்டையர்கள் அன்று ஒருவரையொருவர் உசுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வழி காட்டியவர்கள் பிரிந்துகொண்டிருந்தார்கள்.

5. பீட்ஸ், ரைம்ஸ் அண்ட் லைஃப் (1996)

என் வரிசையில் மிகவும் தயங்கித் தயங்கி வைத்த ஆல்பம் இது. மூன்று ஆண்டு இடைவெளியில் எல்லாமே மாறியிருந்தது. கியூ-டிப் இஸ்லாத்தைத் தழுவியிருந்தார். அலி முன்பே இஸ்லாமியர். ஃபைஃப் அட்லாண்டாவுக்குக் குடிபோய்விட்டு, பதிவுக்கு மட்டும் வந்து போனார். கியூ-டிப்பின் உறவினர் கான்சிக்வென்ஸ் பல பாடல்களில் மூன்றாவது குரலாக நுழைந்தார். தான் அந்நியப்பட்டுப்போனதை ஃபைஃப் பிற்காலத்தில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அமெரிக்க ராப்பில் கிழக்கு, மேற்குக் கரைச் சண்டை கொதித்த காலமும் அது. முன்பு சிரித்துக்கொண்டே பாடியவர்கள் இதில் புருவத்தை நெரித்துக்கொண்டு பாடுகிறார்கள். 'ஒன்ஸ் அகெய்ன்' பாட்டில் 1991இன் கேள்வி-பதில் விளையாட்டை மறுபடி ஆடிப் பார்க்கிறார்கள். ஆட்ட விதிகள் நினைவில் இருக்கின்றன, ஆடும் உற்சாகம்தான் குறைவு.

ஆனால் இந்த ஆல்பத்தில் இன்னொரு கதை ஓடுகிறது. டெட்ராய்ட் நகரத்து இளைஞர் ஜேம்ஸ் யான்சி, அப்போது ஜே டீ என்றும் பின்னால் ஜே டிலா என்றும் அறியப்பட்டவர், கியூ-டிப், அலி இருவரோடும் சேர்ந்து 'த உம்மா' என்ற தயாரிப்புக் கூட்டணியாக இதில் வேலை செய்தார். டிரம் எந்திரம் தானாகச் சரிசெய்து தரும் கச்சிதமான தாளத்தை டிலா ஏற்கவில்லை. அடியைக் கையால் போட்டு, ஒரு முடி அளவு முன்னே பின்னே நகர விட்டார். அந்தத் தள்ளாட்டம் பின்னாளில் டி'ஆஞ்சலோவின் இசை வழியாகவும் ராபர்ட் கிளாஸ்பர் போன்ற ஜாஸ் கலைஞர்கள் வழியாகவும் ஒரு தலைமுறையின் தாள உணர்வையே மாற்றிவிட்டது. டிலா 2006இல் 32 வயதில் இறந்தபிறகு பலரும் இந்த ஆல்பத்துக்குத் திரும்பி வந்து, முன்பு மந்தமாகக் கேட்ட ஒலியில் புதுமையைக் கண்டுபிடித்தார்கள்.

அந்த மறுவாசிப்பு நியாயமானது. ஆனாலும் அது டிலாவுக்குக் கிடைத்த மதிப்பு. குழுவாகக் கேட்டால், அருமையான டிரம்ஸுக்கு மேலே அரைமனதோடு பேசிக்கொள்ளும் இரண்டு பேர்தான் கேட்கிறார்கள். எதிர்காலத்தின் ஒலியும் நட்பின் முறிவும் ஒரே தட்டில் பதிவாகியிருக்கின்றன. ஐந்தாம் இடம் என்பது அந்த முரணுக்கான மதிப்பெண்.

4. பீப்பிள்ஸ் இன்ஸ்டிங்க்டிவ் டிராவல்ஸ் அண்ட் த பாத்ஸ் ஆஃப் ரிதம் (1990)

இருபது வயதைக்கூட முழுதாகத் தாண்டாத பையன்கள் செய்த ஆல்பம் என்பது ஒவ்வொரு நிமிடத்திலும் தெரிகிறது. அதுவே இதன் அழகு. கலிபோர்னியாவின் எல் செகுண்டோவில் பர்ஸை மறந்து வைத்துவிட்டு வந்த கதை ஒரு பாட்டு. கொழுப்பு உணவை விட முடியாமல் தவிப்பது ஒரு பாட்டு. 'போனிட்டா ஆப்பிள்பம்' ஒரு பெண்ணிடம் நேரடியாகப் பேசும் காதல் பாட்டு. ரோட்டரி கனெக்‌ஷன் என்ற அறுபதுகளின் குழுவிடமிருந்து எடுத்த சித்தார் ஒலியும், ரோய் அயர்ஸ் உருவாக்கிய ராம்ப் குழுவின் மெல்லிய மெட்டும் சேர்ந்து அந்தப் பாட்டுக்கு ஒரு மயக்கம் தருகின்றன. ராப்பில் ஆண்கள் இப்படித் தணிந்த குரலில் பேசலாம் என்பதே அப்போது செய்தி.

'கேன் ஐ கிக் இட்?' உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. அதன் முதுகெலும்பு லூ ரீடின் 'வாக் ஆன் த வைல்ட் சைடு' பாட்டின் பேஸ் ஒலி. அனுமதி கிடைத்தது, பதிலுக்கு அந்தப் பாட்டின் உரிமைத்தொகை லூ ரீடுக்கே போனது. அடுத்த ஆண்டு டிசம்பரில், அனுமதியில்லாமல் பழைய பாட்டை எடுத்தாண்ட பிஸ் மார்க்கீ வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் கடுமையாகத் தீர்ப்பளித்தபிறகு இந்தப் பேரம் எல்லோருக்கும் பொதுவாயிற்று. ஒரு பாட்டுக்குள் பத்துத் தட்டுகளைக் குழைத்து ஊற்றும் பழக்கம் செலவு பிடித்த ஆடம்பரமானது. இவர்களுடைய தோழர்களான டி லா சோல் குழுவின் ஆரம்பகால ஆல்பங்கள் 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கே வர முடியாமல் தவித்ததற்கும் இந்த உரிமைச் சிக்கல்தான் பெரிய காரணம். அந்தக் கதவு மூடுவதற்கு முன் கிடைத்த சுதந்திரத்தில் பிறந்தது ட்ரைபின் முதல் ஆல்பம்.

பிறகு ஏன் நான்காம் இடம்? ஏனென்றால் இது ஏறக்குறைய ஒற்றைக் குரல் ஆல்பம். ஃபைஃப் சில பாடல்களில் மட்டும் தலைகாட்டுகிறார். அவருக்குக் கூடைப்பந்தும் நண்பர் வட்டமும் முக்கியமாக இருந்த வயது. ஸ்டுடியோவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரின் இடம் எதுவோ, அதுதான் இதில் அவருக்கு. கியூ-டிப் கனவு காண்கிறார். அந்தக் கனவைக் கிள்ளி எழுப்ப எதிரே ஆள் இல்லை. அந்தக் கிள்ளல் கிடைத்ததும் என்ன நடந்தது என்பதுதான் அடுத்த ஆண்டின் கதை.

3. வீ காட் இட் ஃப்ரம் ஹியர்... தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ் (2016)

பதினெட்டு ஆண்டு மௌனம். நடுவில் அவ்வப்போது மேடைக் கச்சேரிகள், மேடைக்குப் பின்னால் சண்டைகள். 2011இல் மைக்கேல் ராப்பபோர்ட் எடுத்த ஆவணப்படம் அந்தச் சண்டையை ஊரறியக் காட்டிவிட்டது. நீரிழிவு ஃபைஃபின் சிறுநீரகத்தைத் தின்றது. 2008இல் மனைவி தன் சிறுநீரகத்தைக் கொடுத்தார், அதுவும் நிலைக்கவில்லை. 2015 நவம்பர் 13 அன்று, முதல் ஆல்பத்தின் 25ஆம் ஆண்டை ஒட்டி ஜிம்மி ஃபாலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நால்வரும் சேர்ந்து பாடினார்கள். பாரிஸில் தாக்குதல் நடந்த இரவு அது. அன்றைய மேடையில் கிடைத்த சூட்டில், இன்னொரு ஆல்பம் செய்வோம் என்று முடிவானது.

நியூ ஜெர்சியில் கியூ-டிப்பின் வீட்டு ஸ்டுடியோவில் வேலை ரகசியமாக நடந்தது. விருந்தினர்களுக்கு ஒரு நிபந்தனை: வரிகளைப் பதிவுசெய்து மின்னஞ்சலில் அனுப்பும் வழக்கம் இங்கே செல்லாது, நேரில் வர வேண்டும். ஃபைஃபும் கலிபோர்னியாவிலிருந்து விமானமேறி வந்தார். டயாலிசிஸுக்கு நடுவே பாடினார். 2016 மார்ச் 22 அன்று 45 வயதில் இறந்தார். ஆல்பத்தின் தலைப்பு அவர் விட்டுப்போனது.

நவம்பர் 8 அன்று டிரம்ப் வென்றார். 11ஆம் தேதி ஆல்பம் வந்தது. 'வீ த பீப்பிள்' பாட்டின் பல்லவி, இந்த நாட்டை விட்டு யார் யாரெல்லாம் போக வேண்டும் என்று கறுப்பர், மெக்சிகர், ஏழைகள், முஸ்லிம்கள், ஒருபாலீர்ப்பினர் என அடுக்குகிறது. விரட்டுபவனின் குரலைக் கடன் வாங்கி அவனையே காட்டிக்கொடுக்கும் உத்தி. தேர்தலுக்கு முன்பே எழுதியது. தேர்தல் வந்து அதற்கு விளக்கவுரை ஆனது. ஆல்பம் வந்த மறுநாள் 'சாட்டர்டே நைட் லைவ்' மேடையில் அதைப் பாடும்போது ஃபைஃபின் முறை வந்ததும் அவர் படம் பொறித்த திரை இறங்கியது, அவருடைய பதிவுசெய்த குரல் ஒலித்தது.

சோகம் சூழ்ந்த சூழ்நிலை ஆல்பத்துக்குத் தகுதிக்கு மீறிய மதிப்பைத் தந்துவிடுகிறதா என்ற சந்தேகம் எழலாம். எனக்கும் வெளியான சமயத்தில் அது இருந்தது. கழிந்த ஆண்டுகளில் அது கரைந்துவிட்டது, காரணம் 'டிஸ் ஜெனரேஷன்' போன்ற பாடல்கள். ஒருவர் தொடங்கிய வரியை இன்னொருவர் பிடுங்கி முடிப்பதும், பழைய தோழர் பஸ்டா ரைம்ஸ் குறுக்கே பாய்வதும், ஜரோபி முதன்முறையாகத் தன் முழுத் திறமையோடு ராப் செய்வதுமாக, 1998இல் காணாமல் போன உரையாடல் திரும்பி வந்திருக்கிறது. கடைசிப் பாட்டின் பெயர் 'த டொனால்ட்'. பெயரைப் பார்த்து அரசியல் நையாண்டி என்று நினைத்தவர்கள் உண்டு. அது ஃபைஃபுக்கான அஞ்சலி, டொனால்ட் என்பது அவருடைய செல்லப்பெயர்களில் ஒன்று. குறை என்றால், இரண்டாவது பாதியில் சில பாடல்கள் ஃபைஃப் இல்லாத வெற்றிடத்தை விருந்தினர்களை வைத்து நிரப்புகின்றன. நிரம்பவில்லை. அதனால் மூன்று. 2018 கிராமி பரிந்துரைப் பட்டியலில் இதற்கு ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை.

2. த லோ எண்ட் தியரி (1991)

வரலாற்றாசிரியர்கள் இதை முதலிடத்தில் வைப்பார்கள். அவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஹிப்-ஹாப்புக்கும் ஜாஸுக்கும் உறவு இதற்கு முன்பும் இருந்தது. அதை ஆல்பம் முழுக்க ஒரு கட்டடக் கொள்கையாக ஆக்கியது இதுதான். முதல் பாட்டு ஆர்ட் பிளேக்கியின் குழுவிடமிருந்து எடுத்த பேஸ் ஒலியோடு மட்டும் தொடங்குகிறது. கியூ-டிப் உள்ளே வருகிறார். ஹிப்-ஹாப்பைக் கேட்ட தன் அப்பா அதில் பீபாப் ஜாஸைக் கேட்டதாகச் சொல்கிறார். ஆல்பத்தின் மொத்த வாதமும் அங்கேயே வந்துவிடுகிறது: இது அப்பன் சொத்து, நாங்கள் வாரிசு.

1960களில் மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற ஐவர் குழுவில் வாசித்த ரான் கார்ட்டர் ஒரு பாட்டுக்கு டபுள் பேஸ் வாசித்தார். பழைய தட்டிலிருந்து எடுத்த நிழலாக அல்லாமல் ஜாஸ் ஒரு ராப் பதிவறைக்குள் ஆளாகவே நடந்து வந்தது. ஒலிப்பதிவுப் பொறியாளர் பாப் பவர், பழைய தட்டுகளின் கரகரப்பைத் துடைத்து, டிரம்ஸுக்கும் பேஸுக்கும் தனித்தனி இடம் கொடுத்து, அந்த அடி ஒலி நெஞ்சில் மோதும்படி செய்தார். முதல் ஆல்பத்தில் அறை முழுக்கச் சாமான்கள். இரண்டாவதில் பெரும்பாலானவற்றைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள்.

இரண்டாவது பாட்டு 'பக்கின் அவுட்'. முதல் வரியிலேயே ஃபைஃப் வந்து குந்திக்கொள்கிறார். முந்தைய வருடம் நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தவர், அத்தோடு ஸ்டுடியோவுக்கு ஒழுங்காக வரத் தொடங்கியவர், ஐந்தடி மூன்று அங்குலக்காரர், அந்த உயரத்தையே ஆயுதமாக்கிக்கொண்டவர். கியூ-டிப் மூக்கால் பேசும் மென்குரல், அருவமாக யோசிப்பவர். ஃபைஃப் உரசும் உச்சக்குரல். கூடைப்பந்து, சாப்பாடு, தெரு என்று தரையில் நிற்பவர். 'செக் த ரைம்' பாட்டில் கியூ-டிப் கேட்க ஃபைஃப் பதில் சொல்கிறார். அந்த வீடியோவை லிண்டன் பூலிவார்டில் ஒரு சலவைக்கடையின் மேல்தளத்தில் எடுத்தார்கள். இன்று அந்தத் தெரு முனைக்கு ஃபைஃபின் பெயர். கடைசிப் பாட்டான 'சினாரியோ'வில் லீடர்ஸ் ஆஃப் த நியூ ஸ்கூல் குழுவோடு சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் பாடி, இறுதியில் பஸ்டா ரைம்ஸ் என்ற பத்தொன்பது வயதுப் பையன் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறான்.

இசைத்துறையின் சுரண்டலைப் பற்றி இதில் வரும் எச்சரிக்கைகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. எல்லாமே நன்றாக மூத்திருக்கிறது என்று சொல்ல முடியாது. பாலியல் வன்முறையைப் பற்றிய பாட்டு அன்று துணிச்சலாகப் பட்டிருக்கலாம், இன்று கேட்டால் அதில் பெண்களைப் பற்றிய எகத்தாளமும் கலந்திருப்பது தைக்கிறது. என்றாலும் இரண்டாம் இடத்துக்குக் காரணம் அது இல்லை. இந்த ஆல்பத்தில் ஃபைஃப் வந்து சேர்கிறார். தன் இடத்தை அடித்துப் பிடிக்கிறார். இருவரும் சமமாக நின்று பேசுவதைக் கேட்க இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

1. மிட்நைட் மரோடர்ஸ் (1993)

1993 நவம்பர் 9. நியூயார்க்கின் இன்னொரு மூலையிலிருந்து வு-டாங் கிளானின் முதல் ஆல்பமும் அன்றுதான் வந்தது. கரடுமுரடான, இருண்ட, ஒன்பது பேர் மோதும் இசை அது. அடுத்த சில ஆண்டுகளுக்கு நியூயார்க் ராப் அந்தப் பக்கமாகத்தான் சாய்ந்தது. ட்ரைபின் ஆல்பம் அந்த நாளில் ஒரு யுகத்தின் உச்சியாகவும் கடைசியாகவும் நின்றது.

'எலெக்ட்ரிக் ரிலாக்ஸேஷன்' கேளுங்கள். ஆர்கன் கலைஞர் ரானி ஃபாஸ்டரின் 1972 ஜாஸ் பதிவிலிருந்து வெட்டிய லூப் சுற்றிச் சுற்றி வருகிறது. அதன்மேல் இருவரும் சில வரிகளுக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் வழிய, மற்றவர் கிண்டலடிக்கிறார். இவர் சுற்றி வளைத்துச் சொல்வதை அவர் போட்டு உடைக்கிறார். யார் தலைவர் என்று சொல்ல முடியாது. 'லிரிக்ஸ் டு கோ' பாட்டில் மினி ரிப்பர்ட்டனின் உச்சஸ்தாயி ஒன்று அறுபடாமல் நீண்டுகொண்டே போக, அதன் கீழே இருவரும் சளைக்காமல் ஓடுகிறார்கள். தனியாகப் பாடத் தொடங்குவதற்கு முன் மினி ரிப்பர்ட்டன் பாடியது முன்னே சொன்ன ரோட்டரி கனெக்‌ஷன் குழுவில்தான். முதல் ஆல்பத்தின் சித்தார் வந்த அதே மூலையிலிருந்து இந்தக் குரலும் வருகிறது. மூன்று ஆண்டுக்குள் அந்தத் தேடல் எவ்வளவு ஆழமாகியிருக்கிறது என்பதற்கு இது போதும்.

அறிமுகம் முடிந்ததும் முதலில் ஒலிக்கும் ராப் குரல் ஃபைஃபுடையது. பாட்டின் பெயரில் இருப்பவர் 1977இல் தென்னாப்பிரிக்கப் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பைக்கோ. '8 மில்லியன் ஸ்டோரீஸ்' முழுக்க ஃபைஃபுடையது: தொட்டதெல்லாம் துலங்காத ஒரு நாளின் புலம்பல். 'ஓ மை காட்' பாட்டில் தன் நீரிழிவையே பெருமையடித்துக்கொள்கிறார். நோயைக் கேலியாக்கிய அந்த ஒற்றை வரி, 2016க்குப் பிறகு கேட்பவர்களுக்கு வேறு கனத்தோடு விழுகிறது. பாடியபோது அவருக்கு இருபத்துமூன்று வயதுகூட நிரம்பவில்லை.

அட்டைப்படமும் இதையே சொல்கிறது. ஹெட்ஃபோன் மாட்டிய ஹிப்-ஹாப் கலைஞர்களின் முகங்கள் வரிசை வரிசையாக. கிழக்குக் கரை, மேற்குக் கரை, மூத்தவர், இளையவர் என்ற பேதமில்லை. இரண்டு கரைகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளப்போகும் காலத்துக்குச் சற்று முன்னால், எல்லோரையும் ஒரே அட்டையில், கேட்பவர்களாக உட்கார வைத்த படம் அது.

'த லோ எண்ட் தியரி' ஒரு மொழியைக் கண்டுபிடித்தது. 'மிட்நைட் மரோடர்ஸ்' அந்த மொழியில் சரளமாகப் பேசியது. பதிவேடுகளும் பாடப்புத்தகங்களும் கண்டுபிடிப்புக்கு முதல் மரியாதை செய்யும். அது அவற்றின் வேலை. என் அளவுகோலுக்குச் சரளம்தான் பெரிது, அதனால் வரிசையைப் புரட்டிப் போடுகிறேன்.

கணக்கைச் சரிபார்த்தல்

இந்த அளவுகோல் எவ்வளவு தூரம் தாங்கும் என்று சோதிக்க ஒரு வழி உண்டு: இருவரும் தனித்தனியாகச் செய்தவற்றைப் பார்ப்பது. கியூ-டிப்பின் 'ஆம்ப்ளிஃபைட்' 1999இல் நடனக்கூடங்களில் ஓடியது. 2008இல் ஒபாமா வென்ற நாளில் வந்த 'த ரெனெய்சன்ஸ்' நேர்த்தியான ஆல்பம், விமர்சகர்கள் கொண்டாடியது. ஃபைஃபின் 'வென்டிலேஷன்' 2000இல் வந்து அதிகம் கவனிக்கப்படாமல் போனது. அவர் இறந்தபிறகு 2022இல் 'ஃபாரெவர்' வந்தது. எதிலும் திறமைக்குக் குறைவில்லை. கியூ-டிப்பின் தனி ஆல்பங்களில் அவர் மிதக்கிறார், கீழே இழுக்க ஆளில்லை. ஃபைஃபின் தனி ஆல்பங்களில் அவர் தரையிலேயே நிற்கிறார், மேலே இழுக்க ஆளில்லை. ட்ரைபின் ஒலியைக் கான்யே வெஸ்டும் ஃபாரெல் வில்லியம்ஸும் த ரூட்ஸ் குழுவும் இன்னும் எத்தனையோ பேரும் தங்கள் வழியில் எடுத்துக்கொண்டார்கள். அலி ஷாஹீத் முகம்மது இன்று ஏட்ரியன் யங்கோடு சேர்ந்து 'ஜாஸ் இஸ் டெட்' என்ற நிறுவனத்தை நடத்துகிறார். முதல் ஆல்பத்தில் யாருடைய இசையை வெட்டி எடுத்தார்களோ அந்த ரோய் அயர்ஸையே அழைத்து 2020இல் புதிய ஆல்பம் செய்தார்கள். ஒலியை இப்படிக் கைமாற்றலாம். இருவருக்கு இடையிலான அந்த இழுபறியைக் கைமாற்ற வழியில்லை.

பட்டியல்கள் மாறும், மாறத்தான் வேண்டும். வரும் ஆண்டுகளில் 2016 ஆல்பம் இன்னும் ஓரிடம் ஏறும் என்பது என் கணிப்பு. அதன் அரசியல் பழசாக மறுப்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: ராப்பில் குழு என்ற வடிவமே அருகிவருகிறது. ஒருவர் பாட, இன்னொருவர் எங்கிருந்தோ தன் வரிகளைக் கோப்பாக அனுப்ப, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பாட்டு முடிந்துவிடுகிறது. அப்படி வளரும் காதுகளுக்கு, நடுவயதைத் தொட்ட பழைய நண்பர்கள் மனஸ்தாபத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒரே மைக்கைச் சுற்றி நின்று செய்த ஆல்பம் விசித்திரமாகவும் புதுமையாகவும் கேட்கும். அதன் வழியாக அவர்கள் பின்னோக்கி நடந்து 1993க்கு வந்து சேர்வார்கள் என்று நம்புகிறேன். வந்தபிறகு அதை முதலிடத்திலிருந்து இறக்குவதானால், அவர்கள் காட்டும் காரணத்தைக் கேட்க எனக்கு ஆவல்.